முப்பது நாட்களுக்குள்

தாலுகா ஆபீசுக்கு எதிரில் என் ஜெராக்ஸ் கடை.
பக்கம் இரண்டு ரூபாய்.
கண்மாய் மனு என்றால் ஒன்று.
ஆடி மாசம் முழுக்க அப்படித்தான்.

அடைக்கலம்தான் முதலில் பார்த்தார்,
வடை மடித்து வந்த தாளில்.
காணாமல் போன ஒரு பத்திரத்துக்கும்
பெயர் மாற்றிக்கொண்ட ஒருவருக்கும் நடுவே
எறும்பு எழுத்தில் அறிவிப்பு:
ஆவுடைக் கண்மாய் வடகரை, பதினோரு ஏக்கர் நாற்பது சென்ட்,
வேளாண் பயன்பாட்டிலிருந்து குடியிருப்புப் பயன்பாட்டுக்கு.
ஆட்சேபணை இருப்பின் முப்பது நாட்களுக்குள்.
எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடியாகி
பின்பக்கத்துத் தங்க விலையும் சேர்ந்து தெரிந்தது.
"பெரிசாக்கிக் குடு சபூரா."
இருநூறு சதவீதத்தில்
தங்கமும் பெரிசானது.

அப்புறம் வந்தார்கள்.
மீன்பாசி ஏலம் எடுத்த சூசை, ஏலச் சீட்டோடு.
மடை திறக்கும் முறைக்காரர் மூவர்,
ஒருவரோடொருவர் பேசுவதில்லை,
ஒரே மனு, மூன்று பேனா.
ஜோஸ்பின் டீச்சர் பறவை எண்ணிய நோட்டை
என் கையில் தர மனமில்லாமல்
தானே கண்ணாடியில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்:
நாமக்கோழி 61, கூழைக்கடா 4, 'தெரியாதது' 9.
அந்த ஒன்பதையும் நகலெடுத்தேன்.

என் மிஷினுக்குக் கட்சி கிடையாது.
அதே வாரம், அதே தட்டில்
லேக் வியூ அவென்யூ நோட்டீஸ் ஐந்நூறு ஓடியது.
கரையில் பைன் மரம், தூரத்தில் மலை.
என்னிடம் கலர் இல்லை. அதனால் ஏரி சாம்பல்.
மலைமேல் பனி மட்டும் அசல் வெள்ளை.
வெளியே காரைக்குடி, முப்பத்தொன்பது டிகிரி.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில்.
கம்பெனிக்காரர் வைகாசியில் எடுத்த படங்களைத் திரையில் விட்டார்:
வெடித்த தரை, கருவேல முள், பையன்கள் நட்ட ஸ்டம்பு.
"இதில் தண்ணீர் எங்கே இருக்கிறது?"
ஆட்டுக்காரி ராக்கு எழுந்து
சமையல்கட்டைக் காட்டினாள்.
"அந்தா கவுத்துப் போட்டுருக்காக அண்டா.
இன்னிக்குச் சோறு இல்ல. அதுக்காக
அண்டாவுக்குள்ள குடித்தனம் வைப்பீகளா?"
சிரிப்பு அடங்கியதும் அதிகாரி பதிந்தார்:
மனுதாரர் பாத்திரம் குறித்துத் தெரிவித்தார்.
அந்தக் குறிப்பும் என்னிடம்தான் வந்தது,
மூன்று பிரதி.

யாரிடமும் சொல்லாதது ஒன்று.
பன்னிரண்டு வருஷத்தில் ஏழு வாடகை வீடு.
போனில் "வாங்க, பாருங்க" என்பவர்கள்
வாசலில் என் பேர் கேட்டதும்
"இப்பத்தான் வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்பார்கள்.
லேக் வியூக்காரன் பேரைக் கேட்டான்.
எழுதிக்கொண்டான்.
எழுத்துப் பிழைகூட இல்லை.
மனை எண் நாற்பத்தேழு, கிழக்குப் பார்த்தது,
முன்பணம் இருபத்தைந்தாயிரம்.
அன்று ராத்திரி மகன் தரையில் சாக்பீசால் அறைகள் வரைந்தான்.
நான் அடுப்படிக்குள் போய் நின்று பார்த்தேன்.

டீச்சரின் வரைபடத்தை நகலெடுக்கும்போதுதான் தெரிந்தது,
நிறைந்த வருஷம் கலுங்கு தாண்டும் தண்ணீருக்கு
நாற்பத்தேழுதான் பாதை.
ஓர் அம்புக்குறி
என் அடுப்படிக்குள் நுழைந்து
வாசல் வழியே வெளியேறியது.

முப்பதாம் நாள், நாலே முக்கால்.
முன்னூற்றுப் பதினாறு மனு கட்டி அனுப்பியாயிற்று.
ஒரு வெற்றுப் படிவம் மிச்சம்.
'நிலத்துடன் மனுதாரருக்கு உள்ள தொடர்பு':
மற்றவர்கள் எழுதியது எனக்கு மனப்பாடம்.
ஆயக்கட்டு. மீன். ஆடு. ஒரு பையன், கிரிக்கெட்.
நான் எழுதினேன், மனை எண் 47.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.
"வாங்குறவகளே ஆட்சேபணையாம்மா?"
பதிலுக்குக் காத்திராமல் முத்திரை குத்தினார்.
வரிசை எண் 317.

முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது
என்று நோட்டீசின் பின்பக்கம், கீழே, எறும்பு எழுத்தில்.
ஐந்நூறு பிரதி.
நான்தான் ஓட்டினேன்.